ஒரு சிம், முப்பது போன்: வாவிக்கரைக் கடைக்கு வைஃபை

பிரதான வீதியோரத்தில் கடை இருந்து, வாசல் வரை ஃபைபர் வந்திருந்தால் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடலாம். இது ஃபைபர் எட்டாத இடங்களுக்கானது: குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாதைப் படகு ஓடும் துறையடியில் ஒரு தேத்தண்ணிக் கடை, வவுணதீவுப் பக்கம் ஒரு சனசமூக நிலையம், கொக்கட்டிச்சோலைக்கு உள்ளே ஒரு ரியூசன் வகுப்பு, பாசிக்குடாவில் நாலு அறை உள்ள விருந்தினர் விடுதி. இங்கெல்லாம் இணையம் கோபுரத்திலிருந்து ஒரு சிம் வழியாகத்தான் வருகிறது. அந்த ஒரு சிம்மை முப்பது பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்து, மாதக் கடைசியிலும் அதில் டேட்டா மிஞ்சும்படி பார்த்துக்கொள்வதுதான் இங்கே சொல்லப்போகிற வேலை.

போனிலேயே ஹொட்ஸ்பொட் போட்டுக் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். வீட்டில் ரெண்டு பேருக்குப் போதும். கடையில் போன் சூடாகும், பத்துப் பேருக்கு மேல் பெரும்பாலும் ஏற விடாது, நீங்கள் சந்தைக்குப் போனால் வைஃபையும் கூடவே போய்விடும். இதைவிடப் பெரிய குறை, யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரியாது. சுவரில் கடவுச்சொல்லை எழுதி ஒட்டிய சாதாரண ரவுட்டருக்கும் இதே கதைதான். ஒரு பொடியன் மூலையில் உட்கார்ந்து படம் இறக்கினால், மற்ற இருபது பேருக்கும் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாய்க்காலில் வருவது அளவான தண்ணீர். மேல்கண்டத்துக்காரர் மடையைத் திறந்துவிட்டுப் படுத்தால் கீழ்க்கண்டம் காயும். முறைவைத்துத் தண்ணீர் விடத்தான் வட்டவிதானை இருக்கிறார். நாம் வாங்கப்போகும் ரவுட்டர் அவருடைய வேலையைச் செய்ய வேண்டும். அது தெரியாத ரவுட்டர் எவ்வளவு வேகமானதென்றாலும் கடைக்கு உதவாது.

சிக்னலை முதலில் பாருங்கள், பெட்டியைப் பிறகு வாங்குங்கள்

பலரும் ரவுட்டரை வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுத்தான் சிக்னலைத் தேடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். இலங்கையில் கைத்தொலைபேசி 4ஜீ 2013இல் தொடங்கியது. அன்றிருந்த கம்பனிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, 2024இல் எயார்டெல்லும் டயலொக்கோடு இணைந்தபின், இப்போது களத்தில் இருப்பவை மூன்று: டயலொக், எஸ்எல்டி-மொபிட்டெல், ஹட்ச். மூன்றின் சிம்மும் கைமாற்றாக எங்கும் கிடைக்கும். ஒரே போனில் ஒவ்வொன்றாகப் போட்டு, கடை இருக்கும் அதே இடத்தில் பாருங்கள். பகலில் ஒரு தடவை, இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஊர் முழுக்கப் போன் பார்க்கும் அந்த இரவு நேரத்தில் கிடைக்கும் வேகம்தான் உங்கள் உண்மையான வேகம்.

போனின் மேல்மூலையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். சிக்னல் அளக்கும் இலவச அப் ஒன்றை இறக்கி இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று ஆர்எஸ்ஆர்பி, கோபுரத்தின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதைச் சொல்லும். இது எப்போதும் கழித்தல் குறியோடு வரும்: -80க்கு மேலே இருந்தால் மிக நல்லது, -90 வரை நல்லது, -100 வரை சமாளிக்கலாம், -110க்குக் கீழே போனால் வெளி அன்டெனா இல்லாமல் ஆகாது. மற்றது எஸ்ஐஎன்ஆர், அந்தக் குரல் சுற்றியுள்ள இரைச்சலுக்கு மேலே எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதைச் சொல்லும். 20க்கு மேலே பிரமாதம், 13க்கு மேலே நல்லது, பூச்சியத்துக்குக் கீழே போனால் கோடுகள் நிறைந்திருந்தும் பக்கம் திறக்காது.

வாவிக்கரையில் இந்த இரண்டாவது எண்தான் ஆளைக் குழப்பும். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மெல்லிய எழுவான்கரை. ஊர்களும் கடைகளும் அதில்தான் நெருக்கம், ஆகவே கோபுரங்களும் அங்கேதான் நெருக்கம். நீங்கள் எதிரே படுவான்கரையில், நீரைப் பார்த்தபடி இருக்கிறீர்கள். இடையில் மரமில்லை, கட்டடமில்லை, வெறும் தண்ணீர். கிட்டத்துக் கோபுரம் மட்டுமல்ல, தூரத்துக் கோபுரங்கள் நாலைந்தும் சேர்ந்து உங்கள் அன்டெனாவுக்குக் கேட்கும். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து வரும் அலை வேறு கூடச் சேரும். ஆர்எஸ்ஆர்பி -85 என்று அழகாக இருக்கும். எஸ்ஐஎன்ஆர் 2இல் நிற்கும். ரவுட்டர் ஒரு கோபுரத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தாவலிலும் வாட்ஸ்அப் அழைப்பு அறுந்துபோகும்.

இதற்கு அன்டெனாவை உயர்த்துவது மருந்தல்ல. உயர்த்த உயர்த்த இன்னும் அதிகக் கோபுரங்கள் கேட்கும். ஒரே திசையை மட்டும் பார்க்கும் குறுகிய வீச்சுள்ள அன்டெனாவைப் போட்டு, மெல்ல மெல்லத் திருப்பி, எஸ்ஐஎன்ஆர் கூடும் இடத்தில் நிறுத்துங்கள். ஆர்எஸ்ஆர்பி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. சில இடங்களில் வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உட்பக்கத்துக் கோபுரத்தைப் பார்த்து, வீட்டுச் சுவரையே மறைப்பாக வைத்துக்கொள்வதுதான் நல்ல பலன் தரும். நல்ல ரவுட்டர்களில் பான்டை, அதாவது அது பிடிக்கும் அலைக்கற்றையை, பூட்டவும், குறிப்பிட்ட கோபுரத்தோடு பூட்டவும் வசதி உண்டு. தாவல் நிற்காவிட்டால் அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரே கோபுரத்தோடு பூட்டினால், அந்தக் கோபுரத்துக்கு மின்சாரம் போகும் நாளில் உங்களுக்கும் ஒன்றும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

என்ன பெட்டி

கட்டாரிலோ சவுதியிலோ இருந்து மாமா கொண்டுவந்த ரவுட்டர் அலுமாரியில் கிடக்கும்; அதையே போடலாமா என்று கேட்காத வீடு இந்தப் பக்கம் குறைவு. போடலாம், இரண்டு நிபந்தனைகளோடு. அது அந்த நாட்டுக் கம்பனி சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கக் கூடாது. இங்குள்ள பான்டுகளையும் பிடிக்க வேண்டும். இங்கே 4ஜீக்கு அதிகம் பயன்படுவது 1800 மெகாஹேர்ட்ஸ், அதாவது 3ஆம் பான்ட். டயலொக்கின் வீட்டு இணையம் 2300 மெகாஹேர்ட்ஸ், அதாவது 40ஆம் பான்டிலும் ஓடுகிறது. அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்த மாதிரிகள் பலவற்றில் 3ஆம் பான்டே இல்லை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று அவற்றை வாங்கினால் மேசைக்குப் பாரம்தான். புதிதாக வாங்குவதென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற பொருளா என்று விற்பவரிடம் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் சுங்கத்தில் இதே கேள்வி உங்களிடம் வரும்.

கம்பனி தரும் வெள்ளைப் பெட்டிகளில் விருந்தினர் வலை என்று ஒன்று இருக்கும்; ஆளுக்கு அளவு வைக்கும் வசதி அநேகமாக இருக்காது. அந்த வேலைக்கு மூன்று குடும்பங்களைச் சொல்வேன். மைக்ரோடிக்: விலைக்கு மிஞ்சிய வேலை செய்யும், ஆனால் படிக்க வேண்டும். டெல்டோனிகா: தொழிற்சாலைக்கென்று செய்த உலோகப் பெட்டி, 9 முதல் 30 வோல்ற் வரை எந்த நேர்மின்னிலும் ஓடும், எஸ்எம்எஸ் அனுப்பியே மறுதொடக்கம் செய்யலாம், விலை கூட. டிபி-லிங்கின் ஓமாடா வரிசை: வவுச்சர் அச்சடிப்பது மிகச் சுலபம், அதற்குக் கொன்ட்ரோலர் ஒன்று வேண்டும். கொம்பியூட்டரில் பழக்கமுள்ள ஒரு தம்பி வீட்டில் இருந்தால் மைக்ரோடிக்கை எடுங்கள். யாரும் இல்லையென்றால் ஓமாடா. இதற்கு மேல் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மைக்ரோடிக் வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அதன் மென்பொருளுக்கு உரிம நிலைகள் உண்டு. 4ஆம் நிலையில் ஒரே நேரத்தில் 200 பேர் ஹொட்ஸ்பொட்டில் ஏறலாம். 3ஆம் நிலையில் ஒரே ஒருவர்தான். கூரையில் மாட்டும் கிண்ண வடிவ மாதிரிகள் சில 3ஆம் நிலையோடுதான் வருகின்றன. முதல் வாடிக்கையாளர் ஏறுவார், இரண்டாமவர் ஏற மாட்டார், நீங்கள் நாள் முழுக்க அமைப்பைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட பெட்டியைக் கூரையில் வெறும் மோடமாக விட்டுவிட்டு, உள்ளே 4ஆம் நிலைப் பெட்டி ஒன்றில் ஹொட்ஸ்பொட்டை ஓட்டுவதே சரி.

கம்பமும் உப்பும் கரண்டும்

வாவிக்காற்றில் உப்பு உண்டு; கடற்கரையோரம் என்றால் சொல்லவே வேண்டாம். சாதாரண இரும்புக் கவ்வி ஒரு மாரிக்குள் துருப்பிடித்துவிடும். நாகம் பூசிய குழாய், துருப்பிடிக்காத ஆணி, வயர் சேரும் இடமெல்லாம் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடா. இவற்றில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். வயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும். அன்டெனாவிலிருந்து வரும் தடித்த வயரைக் குட்டையாக வையுங்கள். பத்து மீற்றர் வயரில் சிக்னலை இழப்பதைவிட, ரவுட்டரையே கம்பத்தருகே ஒரு நீர்புகாப் பெட்டிக்குள் வைத்து, அங்கிருந்து நெற்வேர்க் வயரைக் கீழே இறக்குவது நல்லது.

1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊர் இது. கம்பத்தை மூன்று பக்கமும் இழுத்துக் கட்டாமல் விட வேண்டாம். 2011 ஜனவரி வெள்ளம் உங்கள் வளவில் எவ்வளவு ஏறியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பற்றரியையும் பெட்டிகளையும் அதற்கு மேலே வையுங்கள். இடி மின்னல் அதிகம் வருவது மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும். கம்பத்துக்குச் செப்புக் கம்பியால் புவித்தொடுப்புக் கொடுங்கள். வானம் இருண்டதும் கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. கூரையிலிருந்து வரும் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வீட்டுக்குள் வரும்.

மின்வெட்டுக்குப் பெரிய இன்வேட்டர் தேவையில்லை. 4ஜீ ரவுட்டர் ஒன்று சுமார் 8 வாற் தின்னும். 12 வோல்ற், 7 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரியில் 84 வாற்-மணி இருக்கிறது. அது கெடாமல் இருக்கப் பாதியைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே 42 வாற்-மணி, அதாவது ஐந்து மணித்தியாலம். பற்றரி சார்ஜ் ஆகும்போது 14 வோல்ற்றைத் தாண்டும் என்பதால், ரவுட்டர் அதைத் தாங்குமா என்று அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துவிட்டு நேரே இணைக்கலாம்; தாங்காதென்றால் இடையில் 12 வோல்ற் ஒழுங்காக்கி ஒன்று போடுங்கள். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்ற நாட்களை நினைத்துக்கொண்டு பெரிய பற்றரி வாங்க ஆசை வரும். நீண்ட வெட்டில் கோபுரத்தின் பற்றரியே தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு உங்கள் பற்றரி யாருக்கு? ஐந்து மணித்தியாலம் போதும்.

அமைப்பு

மேசையில் வைத்தே எல்லாவற்றையும் செய்து முடியுங்கள். கூரைக்குப் பிறகு ஏற்றலாம். இங்கே மைக்ரோடிக்கை வைத்துச் சொல்கிறேன், மற்றவற்றிலும் பெயர்கள்தான் மாறும்.

முதல் வேலை, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவதும் மென்பொருளைப் புதுப்பிப்பதும். புதுப்பிப்பை ஃபைபர் இருக்கும் நண்பர் வீட்டில் செய்தால் சிம்மில் டேட்டா மிஞ்சும். பிறகு சிம்மைப் போட்டு, கம்பனி சொன்ன ஏபிஎன் பெயரை எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். வீட்டு இணையச் சிம்களில் சில ஒரு கோபுரத்தோடு பூட்டித்தான் வரும். பாசிக்குடாவுக்கென வாங்கியது வவுணதீவில் வேலை செய்யாமல் போகலாம். வாங்கும்போதே கேளுங்கள்.

அடுத்து வலையை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று உங்களுக்கு: கடைக் கொம்பியூட்டர், காட் மெஷின், கெமரா. மற்றது வாடிக்கையாளருக்கு. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. வாடிக்கையாளர் வலையில் ஒருவரின் போன் இன்னொருவரின் போனைப் பார்க்காதபடி தடுக்கும் அமைப்பும் உண்டு. அதைப் போட மறக்காதீர்கள். பொது வலையைக் கடவுச்சொல் இல்லாமல் திறந்து விடுவதும் எனக்குப் பிடிக்காது. சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிய கடவுச்சொல் என்றாலும், ஒன்று இருந்தால் காற்றில் போகும் தகவல் மறைகுறியாகிவிடும்.

இப்போது ஹொட்ஸ்பொட் மெனுவில் செட்டப் பொத்தானை அமுக்கினால் அது ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போகும்: எந்த வலை, என்ன முகவரி, எத்தனை போனுக்கு இடம். தெரியாததற்கெல்லாம் அது காட்டும் விடையையே விட்டுவிடலாம். முகவரியைக் குத்தகைக்குக் கொடுக்கும் நேரத்தை மட்டும் அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் வையுங்கள். துறையடியில் ஆட்கள் பாதை வரும்வரை இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். நாள் முழுக்க அவர்களின் முகவரியைப் பிடித்து வைத்திருந்தால் மாலைக்குள் 250 இடமும் நிரம்பிவிடும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. பெட்டி வரும்போதே ஃபையர்வோல் பட்டியலில் ஃபாஸ்ட்டிராக் என்று ஒரு விதி போட்டிருக்கும். வேகத்துக்காக, ஏற்கெனவே தொடங்கிய தொடர்புகளை எந்தச் சோதனையும் இல்லாமல் கடத்திவிடுவது அதன் வேலை. அந்தச் சோதனைகளுக்குள்தான் உங்கள் வேகக் கட்டுப்பாடும் அடங்குகிறது. ஆளுக்கு ஒரு மெகாபிற் என்று வைத்தும் ஒருவர் பதினைந்து எடுக்கிறார் என்றால் குற்றம் இதில்தான். அந்த விதியை நிறுத்திவிடுங்கள். முப்பது பேர் உள்ள கடையில் பெட்டி அதனால் திணறாது.

இனிப் பங்கு. பயனர் வகை ஒன்றை உருவாக்கி, அதில் வேக எல்லை என்ற கட்டத்தில் இரண்டு எண்களை எழுத வேண்டும். முதலாவது போன் அனுப்பும் வேகம், இரண்டாவது போன் பெறும் வேகம். ரவுட்டரின் பக்கமிருந்து எழுதுவதால் நாம் நினைப்பதற்குத் தலைகீழாக வரும். வாடிக்கையாளருக்கு அச்சடித்துக் கொடுக்கும் ஒரு வவுச்சர் துண்டில் எத்தனை போன் ஏறலாம் என்பதை ஒன்று என்றே விடுங்கள். இல்லாவிட்டால் ஒரு தேத்தண்ணி வாங்கிய துண்டில் ஒரு வகுப்பே ஏறும். போன் கடையை விட்டுப் போனதும் கணக்கை நிறுத்தும் நேரத்தை இரண்டு நிமிடமாக வையுங்கள். இது இல்லையென்றால் ஆள் பாதையில் ஏறி அக்கரை போன பிறகும் அவருடைய அரை மணித்தியாலம் ஓடிக்கொண்டிருக்கும், திரும்பி வந்து உங்களோடுதான் சண்டை பிடிப்பார்.

எவ்வளவு கொடுப்பது

கணக்குப் போடாமல் எண்களை எழுதக் கூடாது. ஒருவருக்கு 2 மெகாபிற் வேகம் கொடுத்தால், அவர் நிறுத்தாமல் ஒரு மணித்தியாலம் எடுத்தால் 900 எம்பி. 90 ஜீபி பக்கேஜ் என்றால் ஒரு நாளைக்கு 3 ஜீபி. அதாவது இப்படி மூன்று பேர் வந்தாலே அன்றைய பங்கு ஏறக்குறைய முடிந்தது. ஆகவே வேகத்தை மட்டும் கட்டினால் போதாது. நேரத்தையும் மொத்த அளவையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

அந்த 3 ஜீபியில் அரை ஜீபியைக் கடைக்கென்று ஒதுக்குங்கள். மிச்சம் 2.5 ஜீபியை 100 எம்பித் துண்டுகளாக்கினால் இருபத்தைந்து. வேகம் 1 மெகாபிற், நேரம் அரை மணித்தியாலம். செய்தி, வாட்ஸ்அப், பேருந்து விசாரிப்பு, பிள்ளைக்குப் பரீட்சை முடிவு பார்ப்பது எல்லாம் இதற்குள் தாராளமாக அடங்கும். யூடியூப் அடங்காது, அடங்கவும் வேண்டாம். எல்லோரும் 100ஐயும் முடிக்க மாட்டார்கள் என்பதால் நடைமுறையில் முப்பத்தைந்து, நாற்பது துண்டு கொடுக்கலாம். முதல் மாதம் குறைவாகத் தொடங்கி, மிஞ்சுவதைப் பார்த்துக் கூட்டுங்கள். கூட்டியதைப் பிறகு குறைத்தால் ஊர் மன்னிக்காது.

ரியூசன் வகுப்புக்கும் விடுதிக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. வகுப்பில் இருபது பிள்ளைகள் ஒரே வீடியோவைத் தனித்தனியாகத் திறந்தால் இருபது மடங்கு டேட்டா போகும். ஆசிரியர் ஒரு தடவை இறக்கிப் பெரிய திரையில் காட்டட்டும். விடுதி விருந்தினருக்கு நாளொன்றுக்கு 2 ஜீபி என்று அறைக்கு அளந்து கொடுப்பதே முறை. இரவு ஒதுக்கீடு தனியாக உள்ள பக்கேஜ் என்றால் நள்ளிரவுக்குப் பின் வேறு வகையை ஓட்டலாம். அதற்குப் பெட்டியின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் பல பெட்டிகள் நேரத்தை மறந்துவிடும். இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் வசதியைப் போட்டு, கொழும்பு நேரத்தைத் தெரிவு செய்யுங்கள்.

சத்தமில்லாமல் டேட்டாவைத் தின்பவை போன்கள் தாமாகச் செய்யும் அப் புதுப்பிப்புகளும் படக் காப்புகளும். வைஃபை என்றால் இலவசம் என்றுதான் போன் நினைக்கிறது. துண்டில் 100 எம்பி எல்லை இருப்பதால் பக்கேஜ் தப்பிக்கும். ஆனால் "ஒண்டும் பாக்கல்ல, அதுக்குள்ள முடிஞ்சிட்டு அண்ணே" என்று ஒருவர் வந்து நிற்பார். அவர் சொல்வது உண்மைதான். துண்டிலேயே ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்: ஏறுமுன் போனில் டேட்டா சேமிப்பைப் போடவும்.

துண்டின் எண்ணை ஆறு இலக்கமாக, எண்கள் மட்டுமாக வையுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து ஓவையும் பூச்சியத்தையும் கலந்தடித்த துண்டு ஒவ்வொன்றுக்கும் நீங்கள் அடுப்பை விட்டு எழும்பி வர வேண்டும்.

உள்நுழைவுப் பக்கம்

போன் வலையில் ஏறியதும் தனக்குத் தெரிந்த ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். அன்ட்ரொயிட் கூகிளிடம், ஐபோன் அப்பிளிடம். அந்தக் கேள்வியை ரவுட்டர் மறித்து வேறு விடை கொடுக்கும்போதுதான் உள்நுழைவுப் பக்கம் தானாகத் திறக்கிறது. இப்போதைய இணையத்தளங்கள் ஏறக்குறைய எல்லாமே பூட்டுப் போட்ட தளங்கள் என்பதால், வாடிக்கையாளர் நேரே பேஸ்புக்கைத் திறந்தால் உள்நுழைவுப் பக்கம் வராது. பாதுகாப்பில்லை என்ற எச்சரிக்கையோ வெறும் வெள்ளைத் திரையோதான் வரும். தானாகத் திறக்காத போனுக்குச் சுலபமான வழி, உலாவியில் ரவுட்டரின் முகவரியை நேரே அடிப்பது. மைக்ரோடிக்கில் மாற்றாமல் விட்டிருந்தால் அது பெரும்பாலும் 10.5.50.1. அதைத் துண்டின் அடியில் அச்சடியுங்கள். போனில் விபிஎன் அல்லது தனியார் டிஎன்எஸ் போட்டிருந்தாலும் பக்கம் திறக்காது. ஏறும் வரைக்கும் நிறுத்தச் சொல்லுங்கள்.

பக்கத்தைச் சிறிதாகச் செய்யுங்கள். கடையின் பெரிய படத்தைப் போட்டு ஐந்து எம்பி ஆக்கி வைப்பவர்களும் உண்டு, எதற்கென்று தெரியவில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இரண்டிரண்டு வரி, ஒரு கட்டம், ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

ஆளுக்கு நாளுக்கு ஒரு தடவை இலவசம் என்று போனின் வன்பொருள் முகவரியை வைத்துக் கட்டுப்படுத்தும் வழியும் மெனுவில் இருக்கிறது. அதை நம்பாதீர்கள். 2019இன் அன்ட்ரொயிட் 10க்கும் 2020இன் ஐஓஎஸ் 14க்கும் பிறகு போன்கள் வலைக்கு வலை பொய் முகவரி காட்டுகின்றன. துண்டுதான் நம்பத்தகுந்தது.

வீட்டிலிருந்து பார்ப்பது

கடை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்றால் தூரத்திலிருந்து பெட்டிக்குள் போக ஆசை வரும். சிம் இணைப்புகளில் கம்பனி பொதுவாகத் தனி முகவரி தருவதில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரு முகவரிக்குப் பின்னால் நிற்கிறார்கள். வெளியிலிருந்து உங்கள் பெட்டியைத் தட்ட முடியாது. பெட்டிதான் வெளியே கூப்பிட வேண்டும். மைக்ரோடிக்கின் புதிய மாதிரிகளில் பேக் டு ஹோம் என்ற வசதி இதைச் செய்கிறது, ஓமாடாவுக்கும் டெல்டோனிகாவுக்கும் அவற்றின் மேகச் சேவை உண்டு. நிர்வாகப் பக்கத்தை மட்டும் வாடிக்கையாளர் வலையிலிருந்து திறக்க முடியாதபடி அடைத்துவிடுங்கள். சிம்மை விட்டால் இன்னொரு வழியும் உண்டு: 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கைக்கு வந்துவிட்டது. கோபுரமே கேட்காத உட்புற ஊர்களுக்கு அது உதவும். அதன் பின்னால் இதே ஹொட்ஸ்பொட் பெட்டியைப் பெரிய மாற்றமின்றி வைக்கலாம்.

காசும் சட்டமும்

வைஃபையைத் தேத்தண்ணியோடும் அறை வாடகையோடும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு ஜீபி இவ்வளவு என்று விலை போட்டு விற்கத் தொடங்கினால் கதை மாறும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி தொலைத்தொடர்பு முறைமை நடத்த உரிமம் வேண்டும். கம்பனியின் சிம் ஒப்பந்தத்திலும் மறுவிற்பனை பற்றி ஒரு வரி இருக்கும். விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேளுங்கள்.

சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது. அதன் வழியாக யாராவது மிரட்டல் அனுப்பினால் முதலில் உங்கள் கதவுதான் தட்டப்படும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நாட்டில் இருக்கின்றன. எந்தத் துண்டு எந்த நேரத்தில் ஏறியது என்ற பதிவை ரவுட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போய் வாடிக்கையாளரின் அடையாள அட்டையைப் படம் பிடிப்பதோ, எந்தத் தளம் பார்த்தார் என்று தோண்டுவதோ வேண்டாம். கையில் இருக்கும் பிறர் தகவலைக் காக்கும் பொறுப்பும் உங்களுடையதாகிவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதும் அதைத்தான்.

வேலை செய்யாதபோது

"அண்ணே, வைஃபை வருகுதில்ல" என்று சொன்னதும் ரவுட்டரை நிறுத்திப் போடாதீர்கள். ஏறியிருக்கும் பத்துப் பேரும் இறங்கிவிடுவார்கள். முதலில் உங்கள் போனில் பாருங்கள். உங்களுக்கு ஓடுகிறது என்றால் குற்றம் அவருடைய போனில்: விபிஎன், முடிந்த துண்டு, அல்லது பக்கம் திறக்காதது. உங்களுக்கும் ஓடவில்லை, ஆனால் உள்நுழைவுப் பக்கம் திறக்கிறது என்றால் சிம் பக்கம்: பக்கேஜ் முடிந்ததா, கோபுரம் நின்றதா என்று பாருங்கள். பக்கமே திறக்கவில்லை என்றால்தான் பெட்டி. எல்லாம் ஓடுகிறது, பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் மட்டும் இல்லை என்றால் செய்தியைக் கேளுங்கள். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த 2019 ஏப்ரலிலும், போராட்டம் நடந்த 2022 ஏப்ரலிலும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. அந்த நாட்களில் எந்த ரவுட்டரைத் திருத்தியும் பலனில்லை.

மாலை நேரத்தில் மட்டும் மந்தம், சிம் வேகம் நன்றாக இருக்கிறது என்றால் வைஃபை பக்கம் நெருக்கடி. மனித உடம்பு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை உறிஞ்சும்; பெட்டியை மேசையிலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே, இரண்டரை மீற்றர் உயரத்தில் மாட்டுங்கள். அலைவரிசையை 1, 6, 11 என்ற மூன்றில் பக்கத்துக் கடை பிடிக்காத ஒன்றுக்கு மாற்றுங்கள். நீருக்கு மேலே வைஃபையும் வெகுதூரம் போகும். தூரத்தில் தோணியில் இருக்கும் ஒருவரின் போன் மெல்லிய சிக்னலில் தொங்கிக்கொண்டு, தன் ஒரு செய்திக்கு மற்றவர்களின் நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். அனுப்பும் பலத்தைக் குறைத்து, மிகப் பலவீனமாகக் கேட்கும் போன்களை ஏற்க வேண்டாம் என்று எல்லை போடுங்கள்; -80க்குக் கீழே என்று தொடங்கி, கடையின் கடைசி வாங்கில் இருப்பவருக்கு அறுபடுகிறதா என்று பார்த்து ஒன்றிரண்டு மாற்றினால் போதும்.